கவிழ்ந்தும் மூழ்காத படகு

1956 டிசம்பர். அட்லாண்டிக் கடலில் ஓர் இரவு. ஹன்னஸ் லிண்டமான் என்ற ஜெர்மன் டாக்டர், கவிழ்ந்து கிடந்த தன் கயாக்கின் அடிப்பாகத்தைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தார். நீச்சல் தெரிந்தும் பயனில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கரையே கிடையாது. விடியும்வரை படகு மிதந்தால் உயிர். அவ்வளவுதான் கணக்கு.

மிதந்தது! மடக்கிப் பையில் போட்டுவிடலாம் போன்ற படகு அது. மரச்சட்டம், மேலே துணி, அடியில் ரப்பர், நீளம் 5.2 மீட்டர். ஆனால் அதன் இரண்டு ஓரங்களிலும் காற்றடைத்த நீளக் குழாய்கள் இருந்தன. தண்ணீர் புகுந்தாலும் அந்தக் காற்று படகை விடவில்லை. விடிந்ததும் புரட்டிப் போட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு மறுபடி கிளம்பினார் மனிதர். கேனரி தீவிலிருந்து கரீபியனின் செயின்ட் மார்ட்டின் தீவுக்கு 72 நாள் பயணம்!

இன்றைய கடல் கயாக்குகளிலும் அதே காற்றுதான் காவல். முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து அறை பிரித்திருப்பார்கள். நடுவில், ஆள் உட்காரும் குழியில் தண்ணீர் நிறைந்தாலும் மற்ற இரண்டு அறைகளும் தாங்கும். தடுப்பே இல்லாத படகென்றால் காற்றுப் பைகளை ஊதித் திணிக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு கிலோ என்று பார்த்தால், குழி நிறைந்த தண்ணீர் ஓர் ஆளின் எடையைத் தாண்டிவிடும். அதுவும் சும்மா இருக்காது, இப்படியும் அப்படியும் ஓடி மறுபடி கவிழ்க்கும். அதனால் கைபம்பு காலடியில் கிடந்தால் போதாது, கட்டியிருக்க வேண்டும்.

அறை மூடியை நம்பித் துணிமணியை அப்படியே வைப்பவர்கள் இரவில் ஈரப் போர்வையில் நடுங்குவார்கள். வெயிலில் காய்ந்த படகு குளிர்ந்த கடலில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மூடியின் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். இதற்காகவே தடுப்புச் சுவரில் ஊசிமுனை அளவு துளை விடுகிறார்கள். முறுக்கு டப்பா மூடியை இரண்டு தரம் அழுத்திப் பார்க்கும் வீட்டுக்காரர்களுக்கு மூடியின் குணம் தெரியும்!

எனவே பொருளெல்லாம் நீர்புகாப் பையில். காற்றைப் பிதுக்கி, வாயை மூன்று சுற்று இறுக்கமாகச் சுருட்டிக் கொக்கி போட வேண்டும். பை நிரம்பி வழிந்தால் சுருட்ட இடமிருக்காது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மாற்றுத்துணி, தூங்கும் பை, மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் அடைப்பதும் தப்பு. ஒன்று ஒழுகினால் எல்லாம் போச்சு. பெரிய மூட்டை ஒன்றைவிடச் சின்னதாக நாலைந்து நல்லது. போனுக்குத் தனி உறை, அது படகில் அல்ல, உடம்போடு இருக்க வேண்டும்.

கடைசியாக இடுப்பைச் சுற்றி மாட்டும் பாவாடை போன்ற மறைப்பு. குழிக்குள் அலை விழாமல் காப்பது அதுதான். அதன் முன்பக்கத்தில் ஒரு பிடிவார் இருக்கும். அது வெளியே கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துடுப்பைத் தொட வேண்டும். உள்ளே மடிந்து போயிருந்தால், தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதைத் தேடும்படி ஆகும்.