பத்தாவது முடித்ததும் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு

மொரப்பூர்ச் சொந்தபந்தங்களுக்கு, மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் உங்கள் வீட்டுப் பெண் எழுதுவது.

பொதுத்தேர்வு முடிந்தால் போதும், ஊரிலிருந்து போன் வரும். "புள்ளைக்கு நல்ல இடம் கூடிவந்திருக்கு, செயினுக்குக் கொஞ்சம் அனுப்பு." இந்தத் தடவை செயின் கேட்டது பதினாறு வயதுப் புள்ளைக்கு.

உங்கள் நியாயம் எனக்குப் புரியாமலில்லை. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறீர்கள். வயசுப் புள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அங்கே கண்மூட முடியாது. எவனோடாவது போய்விடுவாளோ என்ற பயம் வேறு. அதில் பாதி சாதிக்கான பயம் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள். தாலி கட்டி அனுப்பிவிட்டால் பத்திரம் என்கிறீர்கள். பிரசவ அறையில் நிற்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த வயதில் இடுப்பெலும்பே முழுதாக விரியாமல் இருக்கலாம், குழந்தை வெளிவர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளலாம். உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிற பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் உதிரம் கூடுதலாகப் போனாலும் ஆபத்து. ரத்த அழுத்தம் ஏறி வரும் ஜன்னியும் கர்ப்பப்பைத் தொற்றும் 20 முதல் 24 வயதுத் தாய்மாரைவிட இருபதைத் தொடாதவர்களுக்கே அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைமாதத்தில், எடை குறைந்து குழந்தை பிறப்பதும் இவர்களிடம்தான் அதிகம்.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது, மறைத்துவைப்பதை. கிராம நர்ஸம்மாவிடம் வயதைக் கூட்டிச் சொல்வது, ஆதாரைக் கேட்பார்கள், போக்சோ கேஸாகும் என்று ஐந்தாறு மாதம்வரை பதிவே செய்யாமலிருப்பது. 18 நிரம்பாத மனைவியோடு உறவுகொண்டாலும் அது வன்புணர்வுதான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையும் பிரஷர் பார்ப்பதும் ஸ்கேனும் தவறிப்போவது அந்த மாதங்களில்தான். இப்போதே யார் வீட்டிலாவது அப்படியொரு புள்ளை முழுகாமல் இருந்தால், கேஸைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உண்மையான வயதைச் சொல்லுங்கள். கலைப்பதென்றாலும் நாட்டு மருந்துப் பக்கம் போகாதீர்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

செயினுக்குக் கேட்ட சித்தப்பாவுக்குத் தனியாக ஒன்று. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்த அரசாங்கமே 2022-இல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றிவிட்டது. ஆறாவது முதல் பன்னிரண்டாவதுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் காலேஜில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். நீங்கள் இன்னும் என்னிடம் தங்கத்துக்குத்தான் கேட்கிறீர்கள்.

அந்தச் செயினுக்கு நான் பணம் அனுப்பப்போவதில்லை. புள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்த ரசீதை வாட்ஸ்அப்பில் போடுங்கள். நீங்கள் திருப்பூரில் இருக்கும்போது அவள் தங்கிப் படிக்க நல்ல விடுதியாகப் பார்த்துச் சொல்லுங்கள், மாதாமாதம் செலவு என்னுடையது.