ஆச்சி வீட்டுத் திண்ணையும் மாமாவின் பீடியும்

பிசான நடவு ஆரம்பிச்சாச்சு. காலையில ஆறரைக்கு வயல்ல ஆள் இறங்கணும்னா, அதுக்கு முன்னாடி எங்க தெருவுல ஒரு காரியம் நடந்தாகணும். கைப்பிள்ளை வச்சிருக்கிற பொம்பளைங்க ஆச்சி வீட்டுத் திண்ணையில பிள்ளையை இறக்கிவிட்டு, பால்புட்டியும் மாத்துச்சட்டையும் ஒரு கூடையில வச்சுக் கொடுத்துட்டு வரணும். அங்கன்வாடியில ரெண்டு வயசு முடிஞ்ச பிள்ளைகளைத்தான் சேர்ப்பாங்க. அது திறக்கிற நேரத்துக்குள்ள நாங்க ஒரு வயல் நட்டு முடிச்சிருப்போம். அதனால, ஆச்சி இல்லைன்னா என் வயல்ல நாத்து இல்லை. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கீழே எழுதப்போற விஷயத்துல நான் நடுவுல நிக்கிற ஆள் கிடையாது.

அந்தத் திண்ணையை 'குழந்தைகள் காப்பகம்'னு சொன்னா ஆச்சிக்கே சிரிப்பு வரும். போர்டு கிடையாது, பதிவு கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு முப்பது ரூபாய், ஏழு பிள்ளைங்க. அதுல ஒண்ணு என் பேத்தி.

சாரல் சமயத்துல அவளுக்கு நெஞ்சுல சளி கட்டி, மூச்சு விடும்போது விசில் சத்தம் வர ஆரம்பிச்சுது. தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா நெஞ்சுல வச்சுக் கேட்டுட்டு முதல் கேள்வியா, "வீட்டுல யாரு பீடி, சிகரெட் பிடிக்கிறது?"ன்னாங்க. யாரும் இல்லைன்னோம். அது உண்மைதான். மகனுக்குப் பழக்கம் இல்லை, நான் விட்டு ஆறு வருஷம் ஆச்சு. திரும்பி வரும்போது பஸ்ல பிள்ளை என் தோள்ல தூங்கிட்டா. குனிஞ்சு தலையை மோந்தேன். பீடி வாடை. இருபத்தஞ்சு வருஷம் குடிச்சவனுக்கு அந்த வாடை தெரியாமப் போகுமா?

ஆச்சியோட வீட்டுக்காரரை நான் மாமான்னு கூப்பிடுவேன். எழுபது வயசு தாண்டினவர். திண்ணைத் தூண்ல சாஞ்சு உட்கார்ந்து பீடி குடிப்பார். கூடவே இன்னும் ரெண்டு மூணு பேர் வந்து உட்காருவாங்க. ஒரு காலத்துல அந்த ரெண்டு மூணு பேர்ல நானும் ஒருத்தன்.

பேத்திக்கு வந்த சளிக்கு மாமாவோட பீடிதான் காரணம்னு நான் சொல்ல வரலை. சாரல், ஈரம், அடுப்புப் புகைன்னு எத்தனையோ இருக்கு. ஆனா பக்கத்துல இருக்கிறவங்க விடுற புகையால சின்னப் பிள்ளைகளுக்கு இளைப்பும், நெஞ்சுச் சளியும், காதுல சீழும் கூடும்கிறது டாக்டருங்க சந்தேகமில்லாமச் சொல்ற விஷயம். புகை போனதோட முடியறதில்லை. துண்டுல, பாயில, சுவர்ல படிஞ்சு கிடக்கும். தவழுற பிள்ளை அதுலதான் கையை வச்சு, அதே கையை வாயில வைக்கும்.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தேன். 2003-ல வந்த புகையிலைச் சட்டம் பொது இடத்துல புகைபிடிக்கக் கூடாதுங்குது. மீறினா இருநூறு ரூபாய் வரைக்கும் அபராதம். 2008 அக்டோபர் 2-ல இருந்து அமலான விதிகள்படி பொது இடத்து வாசல்ல அறிவிப்புப் பலகை வைக்கணும், அதுக்கு நீளம் அகலம்கூடச் சொல்லியிருக்கு, அறுபது சென்டிமீட்டருக்கு முப்பது. பள்ளிக்கூடம் இந்தச் சட்டத்துக்குள்ள வரும். பள்ளிக்கூடத்தைச் சுத்தி நூறு கஜத்துக்குள்ள பீடி சிகரெட் விக்கவே கூடாது. பஸ் ஸ்டாப்கூட அந்த விதிகள்ல இருக்கு. ஆச்சி வீட்டுத் திண்ணை மட்டும் எதுலயும் வராது. அது வீடு. ஆறு வயசுப் பையன் படிக்கிற இடத்தைக் காப்பாத்துற சட்டம், ஆறு மாசப் பிள்ளை கிடக்கிற இடத்துக்கு வரும்போது வாசப்படியிலயே நின்னுடுது.

கலிபோர்னியாவுல இதை வேற மாதிரி செஞ்சிருக்காங்க. வீட்டுலயே அடுத்தவங்க பிள்ளைகளைப் பார்த்துக்க உரிமம் வாங்கினா அந்த வீட்டுல புகைபிடிக்கக் கூடாது. முன்னாடி பிள்ளைங்க இருக்கிற நேரத்துக்கு மட்டும்தான் தடை இருந்துது. 2015-ல இருந்து ராத்திரி, ஞாயித்துக்கிழமை எல்லா நேரமும் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. வாடை சுவர்ல படிஞ்சு கிடக்கும்னு சொன்னேனே, அதுக்கு ஏத்த விதி அது. ஆனா அங்கே உரிமம்னு ஒண்ணு இருக்கு, ரத்து பண்ணலாம். ஆச்சிகிட்ட எதை ரத்து பண்ணுவீங்க?

எங்க தெருப் பொண்ணுங்க குழுக் கூட்டத்துல பேசி முடிவெடுத்து, மாமாகிட்ட சொல்லச் சொல்லி என்னைத்தான் அனுப்பினாங்க. அவர் கோபப்படுவார்னு தெரியும். பட்டார். "என் வீட்டுத் திண்ணையில நான் பீடி குடிக்க எவன்கிட்ட மருமவனே கேக்கணும்? நீ குடிச்சப்போ இந்தத் திண்ணை இனிச்சுது, இப்போ கசக்குதோ?"ன்னார். ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. முதல் கேள்விக்கு இருக்கு. வீடு உங்களுதுதான் மாமா, ஆனா காலையில ஆறு மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் அது ஏழு வீட்டுப் பிள்ளைகளுக்கும் வீடு, அதுக்குக் காசும் வாங்குறீங்கன்னேன். காசுன்னு சொல்லியிருக்கக் கூடாது.

உள்ளே இருந்து ஆச்சி பேசினாங்க. "அவரைச் சொல்லுதியே, என் தட்டை என்னய்யா செய்வே?"

எங்க தென்காசிப் பக்கம் பீடி சுத்தாத தெரு அபூர்வம். ஆச்சி அம்பது வருஷமா சுத்துறாங்க. மடியில பீடித்தட்டு, தட்டுல இலையும் தூளும், தட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு பிள்ளைங்க. ஒண்ணு அழுதா தட்டை இறக்கி வச்சுட்டு, தூள் ஒட்டின அதே கையால தூக்குவாங்க. புகையிலைத் தூளைப் பிள்ளை வாயில போட்டா அது விஷம்தான், புகையைவிட சீக்கிரம் வேலை செய்யும். மாமா பீடியை மட்டும் பார்த்த எங்க கண்ணுக்கு இந்தத் தட்டு தெரியவே இல்லை. ஏன்னா எங்க எல்லார் வீட்டுலயும் அந்தத் தட்டு இருந்துது. அது சோறு போட்ட தட்டு.

இப்போ கணக்கு மாறிப்போச்சு. புகைக்கு விதி போட்டா தட்டுக்கும் போடணும். தட்டை மூட்டி வச்சா ஆச்சிக்குப் பகல் கூலி போகும். அதை யார் கொடுக்கிறது? முப்பது ரூபாய்க்குப் பிள்ளையையும் பார்த்துக்கணும், புருஷனையும் அடக்கணும், தன் தொழிலையும் நிறுத்தணும்னு கேக்கறதுக்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கு? நூறு நாள் வேலைக்கு 2005-ல வந்த சட்டத்துல, வேலை இடத்துல ஆறு வயசுக்குக் கீழே அஞ்சு பிள்ளைங்க இருந்தா பார்த்துக்க ஒரு பொம்பளையை வைக்கணும், அவளுக்கும் கூலி உண்டுன்னு எழுதியிருந்துது. சர்க்கார் வேலைக்கு அப்படி ஒரு நியாயம் இருக்கும்போது, என் வயல் வேலைக்கு ஏன் இல்லை? நடவு ஆளுக்குக் கூலி கொடுக்கிறேன், காபி வடை வாங்கிக் கொடுக்கிறேன், டிராக்டருக்கு மணிக்கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆச்சிக்கு என் கையில இருந்து ஒரு பைசா போனதில்லை. பேத்திக்கு உண்டானதைக்கூட மருமகதான் தன் கூலியில இருந்து கொடுக்கிறா.

இந்த நடவுல இருந்து, நாலு விவசாயிங்க சேர்ந்து பிள்ளைக்கு முப்பது ரூபாய் எங்க பங்காப் போடுறோம். தாய்மாருங்க கொடுக்கிறது தனி. அதுக்கு ஈடா, பிள்ளைங்க இருக்கிற வரைக்கும் தட்டு அரங்கு வீட்டுக்குள்ள, கதவு சாத்தி. பீடி எந்த நேரமும் திண்ணையிலயும் வீட்டுக்குள்ளயும் கிடையாது, வர்ற விருந்தாளிக்கும் சேர்த்து. கிராம சபையில தீர்மானம் போடலாம்னு ஒரு தம்பி சொன்னான். வேண்டாம்னுட்டேன். அது மாமாவை ஊர் முன்னாடி நிறுத்தற மாதிரி ஆயிடும்.

சென்னையில, கோயம்புத்தூர்ல அபார்ட்மென்ட்டுக்குள்ளயே யாரோ ஒரு அக்கா வீட்டுல பிள்ளையை விட்டுட்டு வேலைக்குப் போறவங்க இதைப் படிப்பீங்க. சாப்பாடு என்ன, கேமரா இருக்கான்னு கேட்டிருப்பீங்க. அந்த வீட்டுல வேற யார் இருக்கா, அவங்க ராத்திரி எங்கே நின்னு சிகரெட் பிடிக்கிறாங்கன்னு கேட்டிருக்கீங்களா? கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கும். எனக்கும் இருந்துது. சாயங்காலம் பிள்ளையை வாங்கினதும் ஒரு தடவை தலையை மோந்து பாருங்க.

மாமா இப்போ தொழுவத்துக்குப் பின்னால வேப்பமரத்தடிக்குப் போயிடுறார். என்கூடப் பேசறது இல்லை. நேத்து சாயங்காலம் அடைமழை. என் வயல் மோட்டார் ரூம் சாவியை ஆச்சிகிட்ட கொடுத்தனுப்பினேன். சாவி இன்னும் திரும்பி வரலை.