பட்டுப்புழுவும் வெப்பநிலையும்: ஓர் எண் போதுமா?

உயிர்கள் யாவும் வெப்பத்தின் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள்ளேயே வாழ வல்லவை. இவ்வுண்மை வகுப்பறையில் ‘குளிர் இரத்தப் பிராணி’ என்ற ஒரு சொல்லாகவும், புழு வளர்ப்பு மனையில் ‘25 டிகிரி’ என்ற ஓர் எண்ணாகவும் சுருங்கிவிடுவதுண்டு. சொல்லும் எண்ணும் பிழையானவை அல்ல. ஆனால் அவை மட்டும் போதா. இதற்குப் பட்டுப்புழுவைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரின் மிதமான தட்பவெப்பம் பட்டுத் தொழிலுக்கு உகந்தது. திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் நாட்டில் ஊக்கம் பெற்ற இத்தொழில் இன்றும் ராமநகரம் முதலிய ஊர்களில் செழித்துள்ளது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமையகமும் பெங்களூரிலேயே உள்ளது. எனினும், இம்மேட்டு நிலமும் கோடையின் கடுமையிலிருந்து தப்புவதில்லை. 2016 ஏப்ரலில் பெங்களூரில் வெப்பநிலை 39.2 டிகிரி சென்டிகிரேடை எட்டியது.

பழைய மைசூர் இனப் புழு வெப்பத்தைப் பெரிதும் தாங்கும். ஆயின் அதன் கூட்டிலிருந்து சில நூறு மீட்டர் நூலே கிடைக்கும். இருதலைமுறை வெண்பட்டு இனத்தின் கூடோ ஆயிரம் மீட்டர் அளவுக்கு நூல் தரும். ஆனால் வெப்ப மிகுதியைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு. பெங்களூரைச் சூழ்ந்த ஊர்களிலும், அண்மையிலுள்ள ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் வெண்பட்டு வளர்க்கும் உழவருக்கு வெப்பத்தைப் பற்றிய அறிவு ஓர் அறுவடையைக் காப்பாற்றும் பொருளாகும்.

முதலில் ‘குளிர் இரத்தம்’ என்னும் சொல்லை ஆராய்வோம். புழுவின் குருதி எப்போதும் குளிர்ந்திருப்பதில்லை. தன் உடல் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதே பொருள். மனையில் 35 டிகிரி வெப்பம் நிலவினால் புழுவின் உடலும் ஏறத்தாழ அந்நிலையையே அடையும். வெப்பம் ஏறும்போது நொதிகளின் வேலை விரைவுபடுகிறது. 20 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது உண்ணுதலும் வளர்ச்சியும் மந்தமடைகின்றன. 30 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நீடித்தாலோ, உண்ட இலைக்கும் உடல் செலவிடும் ஆற்றலுக்கும் உள்ள சமநிலை குலைகிறது. புழு நலிந்து நோய்க்கு எளிதில் இரையாகிறது.

அடுத்து, எண்ணை ஆராய்வோம். இளம்புழுக்களுக்கு 26 முதல் 28 டிகிரி வெப்பமும் 85 முதல் 90 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும். ஐந்தாம் பருவப் புழுவுக்கு 23 முதல் 25 டிகிரியும், 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்றவை. ஒரே உயிருக்கு ஏன் இவ்வேறுபாடு? சிறிய உடலுக்குப் பருமனை நோக்க மேற்பரப்பு அதிகம். எனவே அது விரைவில் நீரை இழக்கிறது. பொரித்தது முதல் முதிரும்வரை புழுவின் எடை ஏறத்தாழ பதினாயிரம் மடங்கு பெருகுகிறது. முதிர்ந்த புழு தன் உடலில் உண்டாகும் வெப்பத்தையும் மிகுந்த நீரையும் வெளியேற்ற வேண்டும். அதற்கு உலர்ந்த, ஓடும் காற்று இன்றியமையாதது.

கோடையில் நேரும் ஒரு பெருந்தவறு இங்குதான் உள்ளது. மனையைக் குளிர்விக்கும் எண்ணத்தில் ஈரக் கோணிகளைத் தொங்கவிட்டு, சன்னல்களையும் அடைத்துவிடுவர். வெப்பமானி இரண்டொரு டிகிரி இறங்கிக் காட்டும். ஆனால் ஈரம் தேங்கிய காற்றில் முதிர்ந்த புழுவின் உடல்நீர் ஆவியாக வழியின்றிப் போகிறது. எண் நன்றாக இருக்கும்போதே பயிர் கெடுகிறது.

வெப்பத்தின் அளவோடு அது நீடிக்கும் காலமும் கருதத்தக்கது. இருதலைமுறை முட்டைகள் இட்ட சில நாள்களில் உறக்கநிலை எய்துவன. அதைத் தடுக்க, இட்ட 20 முதல் 24 மணி நேரத்துக்குள் 46 டிகிரியுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிட அளவு அமிழ்த்துகின்றனர். முட்டை சாவதில்லை, பத்துப் பன்னிரண்டு நாள்களில் பொரிக்கிறது. ஐந்து நிமிடம் 46 டிகிரியைப் பொறுக்கும் அவ்வுயிரே, புழுவாகிக் கூடு கட்டும் நாள்களில் தொடர்ந்த கடும் வெப்பத்துக்கு உள்ளானால், ஆண் அந்துப்பூச்சி மலடாகக்கூடும். வெப்பத்தின் தழும்பு மறுதலைமுறையிலே வெளிப்படுகிறது.

பருவந்தோறும் மாறும் அளவுகளை உழவர் நினைவிற்கொள்வது கடினம். ஆகவே ஓர் எண்ணே நலம் என்று கூறுவோர் உளர். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வேலை மிகுந்த மனையில் எளிய விதியே நிலைக்கும். ஆயினும், காரணம் அறிந்தவருக்கு எண்கள் சுமையாவதில்லை. ‘இளம்புழுவுக்கு வெதுவெதுப்பும் ஈரமும், முதிர்ந்த புழுவுக்குக் குளிர்ச்சியும் காற்றும்’ என்ற ஒரு வாக்கியம் எவருக்கும் நினைவில் நிற்கும்.

ஆகவே களப்பணியாளர் வெப்பமானியைச் சுவரில் மட்டும் பாராமல், புழுக்கள் இருக்கும் தட்டின் மட்டத்திலும், பிற்பகலிலும் நள்ளிரவிலும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஈரப்பதத்தையும் உடன் குறிக்கச் செய்தல் வேண்டும். ஆசிரியரோ, ஒரே நாளில் பொரித்த புழுக்களை இரு பெட்டிகளில் பகிர்ந்து, ஒன்றை வெதுவெதுப்பான இடத்திலும் மற்றொன்றைக் குளிர்ந்த இடத்திலும் வைத்து, ஒரே வகை மல்பெரி இலையிட்டு, தோலுரிக்கும் நாள்களை மாணவர் குறித்துவரச் செய்யலாம். வெப்பம் வளர்ச்சியின் வேகத்தை ஆள்வதை அவர்கள் கண்ணாற் காண்பர்.

வெப்பமானி காட்டுவது காற்றின் நிலையை. உயிரின் நிலையை அறியப் புழுவின் பருவம், ஈரம், காற்று, காலம் ஆகிய நான்கையும் சேர்த்தே படிக்க வேண்டும். இப்பயிற்சியை வகுப்பறையில் பெற்ற மாணவன் நாளை வளர்ப்பு மனையில் நிற்கும்போது, கோடையின் பயிரைக் காக்க அதுவே துணைநிற்கும்.