அட்டைப் பெட்டியும் மாய உலகும்

கறம்பக்குடியில் கணினி விளையாட்டில் ஆசை கொண்ட வாலிபர்கள் சிலர், பல்லாயிரம் ரூபாய் பெறும் மெய்நிகர்க் கண்ணாடி வாங்க வகையில்லாமல், 2014-இல் கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்திய அட்டைப் பெட்டியின் மாதிரியில் இரண்டு வில்லைகளைப் பொருத்தித் தாமே ஒன்றைச் செய்து, அதனுள் கைபேசியைச் செருகி, கணினியில் ஓடும் கார்ப் பந்தயத்தை வைஃபை வழியாக அதில் வரவழைத்து ஆட முயல்கிறார்கள். அவர்களுடைய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். பிரயாசைக்குத் தக்க பலன் கிட்டவில்லையே என்பதுதான் என் விசனம். தலை திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் மலிவான கைபேசிகள் பலவற்றில் இருப்பதில்லை. இருந்தாலும், தலையசைவுக்கும் காட்சி மாற்றத்துக்கும் இடையே தாமதம் சுமார் 20 மில்லிசெகண்டைத் தாண்டினால், கண் சொல்வதும் உட்செவி சொல்வதும் முரண்பட்டுத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகக்கூடும். கைபேசியோ நெற்றியருகே சூடேறுகிறது. தட்டைத் திரைக்கென்றே இயற்றப்பட்ட விளையாட்டாதலால், மூலையில் நிற்கும் வேகமானியின் எண்கள் வில்லையோரத்தில் மங்கிக் கலங்குகின்றன. கணினி விளையாட்டுகளை இயற்றும் வால்வ் நிறுவனமே 2013-இல் தன் பழைய ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டில் மெய்நிகர் வசதியைப் பரீட்சார்த்தமாக ஒட்டவைத்துப் பார்த்தது. ஆயினும் மெய்நிகருக்கென்றே அஸ்திவாரத்திலிருந்து கட்டி 2020-இல் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’தான் உலகத்தின் அபிமானத்தைப் பெற்றது. குறை நம் பிள்ளைகளின் கைத்திறனில் இல்லை. தலை கிறுகிறுத்த மாத்திரத்தில் பெட்டியைக் கழற்றி வைத்துவிடுங்கள், தம்பிகளே. அந்தத் திறமையை, எளிய கைபேசிக்கென்றே ஒரு சிறு விளையாட்டைப் புதிதாக இயற்றுவதில் செலுத்துங்கள்.