காலராவில் உடம்புத் தண்ணீர் கொட்டுவது ஏன்? செல்லின் கொழுப்பு உறையில் ஒளிந்திருக்கும் விடை

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் வீராணம் ஏரியின் உபரிநீர் லால்பேட்டை வெள்ளியங்கால் ஓடை வழியாகத் திறக்கப்படும். தாழ்வான ஊர்களில் தண்ணீர் நின்றால் அடுத்த பயம் வயிற்றுப்போக்கு. சும்மா பயம் இல்லை. பக்கத்தில் இருக்கும் காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. 1992-ல் ஓ139 என்ற புது வகை காலராக் கிருமி முதலில் கண்டறியப்பட்டதும் நம்ம சென்னையில்தான்.

இதில் ஆச்சரியம் என்னன்னா, காலராக் கிருமி நம் செல்லுக்குள் நுழைவதே இல்லை. குடலில் உட்கார்ந்துகொண்டு நச்சை மட்டும் அனுப்புகிறது. கிருமியை வடிகட்டி எடுத்த திரவமே முயல் குடலில் நீர் சுரக்க வைக்கிறது என்று 1959-ல் நிரூபித்தவர் கொல்கத்தாவின் சம்புநாத் தே. அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் சொல்லணும்.

சரி, நச்சு எப்படி உள்ளே போகுது?

செல்லைச் சுற்றியுள்ள உறை பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. பள்ளிப் பாடத்தில் அதை ஒரு சுவர் மாதிரி படித்திருப்போம். ஆனால் சில கொழுப்பு மூலக்கூறுகள் வெளிப்பக்கம் சர்க்கரைத் தலையை நீட்டிக்கொண்டு இருக்கும். அதில் ஒன்று ஜிஎம்1. காலரா நச்சின் ஐந்து துண்டுகள் இதைப் பிடித்துக்கொள்ள, செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

உள்ளே போன பகுதி 'ஜி புரதம்' எனும் சுவிட்சை அணைக்க முடியாதபடி பூட்டிவிடும். 'சைக்ளிக் ஏஎம்பி' என்ற செய்தி மூலக்கூறு எகிறும். குளோரைடு கால்வாய் திறக்கும். உப்பு வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் போகும். நிலைமை மோசமானால் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட!

ஆனால் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வழியை நச்சு கெடுப்பதில்லை. ஓஆர்எஸ் வேலை செய்வது அந்த வழியில்தான். 1971-ல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் இதைக் கொடுத்தபோது, சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

'தண்ணி குடிச்சா இன்னும் போகும்' என்று குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்துவது ஆபத்து. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பாதி பாதியாக டம்ளரில் கலக்கவும் கூடாது. மொத்தத்தையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கலக்கணும். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் வராவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அந்தக் கட்டத்தில் டிரிப்ஸ் தேவைப்படும்.