பெட்டியைத் திருப்பும் யந்திரம் தொழிலாளியை வீட்டுக்குத் திருப்பலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடித் தேர் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நேராக ஓடுகிற தேரை இழுக்க ஆயிரம் கைகள் இருந்தால் போதும். ஆனால் தெரு முனையில் தேரைத் திருப்ப வேண்டுமானால் கட்டை போடத் தெரிந்தவன் வேண்டும். ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் தடுத்து, மறுபக்கத்தை ஓட விட்டால்தான் மலை போன்ற தேர் திரும்பும். வண்டியோட்டிக்கும் இதே பாடம்தான். ஒரு மாட்டை இழுத்துப் பிடித்து, மற்றொன்றைத் தட்டி விட்டால் வண்டி திரும்புகிறது.

இந்தப் பழைய வித்தையைத்தான் இன்று யந்திரம் கற்றுக்கொண்டிருக்கிறது. ஓடும் பட்டையில், அதாவது கன்வேயரில், போகிற பெட்டியை நிறுத்தாமலே, மனிதக் கை படாமலே, வேண்டிய பக்கம் திருப்பி விடுகிறது. ராஜபாளையத்து ஆலைத் தொழிலாளியும், அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு வயலுக்குப் போகும் அவர் குடும்பமும் இந்த யந்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியைத் திருப்புவதோடு அது நிற்குமா, அல்லது தொழிலாளியையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

யந்திரம் எப்படி வேலை செய்கிறது?

இதில் மாயம் எதுவும் இல்லை. பக்கத்தில் பக்கமாக இரண்டு பட்டைகள் ஓடுகின்றன. ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் ஓடும். இரண்டின் மேலும் பரவி வருகிற பெட்டியின் ஒரு பக்கம் முந்துகிறது, மறுபக்கம் பிந்துகிறது. பெட்டி திரும்பி விடுகிறது. இன்னொரு முறையில், பட்டையின் ஓரத்தில் ஒரு முளை நிற்கும். பெட்டியின் ஒரு மூலை அதில் முட்டும். பின்பாகம் சுழன்று வரும். பெட்டியைத் தூக்கிச் சுற்றி விடுகிற சுழல் மேடையும், படுத்ததை நிமிர்த்துகிற பொறியும் உண்டு.

எதற்காகத் திருப்ப வேண்டும்? பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, அதைப் படிக்கிற யந்திரக் கண்ணின் பக்கம் இருக்க வேண்டும். கட்டுகிற யந்திரத்துக்குள் பெட்டி சரியான பக்கமாக நுழைய வேண்டும். அடுக்கும்போது ஒரு வரிசை நீளவாக்கிலும், அடுத்த வரிசை குறுக்குவாக்கிலும் இருந்தால்தான் அடுக்கு சரியாது. வைக்கோல் போர் போடத் தெரிந்த விவசாயத் தொழிலாளிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நூல் ஆலையின் பாஷையில், நூல் சுற்றிய கோனுக்கே ‘பேக்கேஜ்’ என்றுதான் பெயர். முன்பு ஸ்பின்னிங்கில் நூல் நிறைந்த பாபின்களை டாபர்கள் கையால் உருவினார்கள். இப்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர்கள் கொண்ட பிரேமில் யந்திரமே அத்தனையையும் ஒரே மூச்சில் உருவி, காலி பாபின்களைச் செருகி விடுகிறது. நிறைந்த பாபின் கன்வேயரில் ஏறி ஆட்டோகோனருக்குப் போகிறது. மொத்தமாகக் கொட்டிய பாபின்களில் சில தலைகீழாகவும், சில படுத்த வாக்கிலும் வரும். வழியிலேயே அவற்றின் அடியைக் கீழாகவும் நுனியை மேலாகவும் திருப்பி, முளையில் நிறுத்துகிற பொறி வந்திருக்கிறது. சுற்றி முடிந்த கோன் ஒரு பட்டையில் விழுந்து நகர்கிறது. அதன் உட்குழலைப் பிடித்துத் தூக்கி, நிமிர்த்தி, வரிசையாக அடுக்குகிற யந்திரக் கையும் வந்து விட்டது. டாபர், பாபின் சுமப்பவர், கோன் எடுப்பவர், பேக்கிங் செய்பவர் என்று இத்தனை பேருடைய வேலையும் ஒரே பட்டையின் மேல் ஏறிவிட்டது.

யந்திரத்தை நாம் எதிர்க்கிறோமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். 1.89 கிலோ எடையுள்ள கோன்கள் 24-ஐ அடைத்தால் ஒரு பெட்டி, எடை 45.36 கிலோ. நூறு பெட்டி என்றால் 2,400 கோன். நாலரை டன் நூல். ஒவ்வொரு கோனையும் எடுத்து, ஊதா விளக்கில் கலப்பு இருக்கிறதா என்று பார்த்து, உறை போட்டு, அடுக்கி, பெட்டியைத் தூக்கி வைக்கிறவர்களின் இடுப்பும் தோளும் என்ன பாடுபடும் என்பதைப் பேக்கிங் பகுதித் தொழிலாளியைக் கேட்டால் சொல்லுவார். அந்தச் சுமையை யந்திரம் ஏற்றுக்கொள்ளுமானால் அது நல்லதுதான். மனித முதுகு சுமை தூக்கித் தேய வேண்டும் என்று நாம் எந்தக் காலத்திலும் கோரியதில்லை.

நாம் கேட்பது வேறு. பத்துப் பேர் செய்த வேலையை மூன்று பேரே முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமான ஏழு பேருடைய உழைப்பு எங்கே போகிறது? மூன்று பேருக்கும் கூலி உயர்ந்ததா? வேலை நேரம் குறைந்ததா? ஏழு பேருக்கும் வேறு வேலை கிடைத்ததா? இம்மூன்றும் இல்லையென்றால் அந்த மிச்சம் முழுவதும் லாபக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. முதுகு வலி குறைந்தது, வயிற்று வலி வந்தது என்ற கதையாக முடியும்.

“போட்டி கடுமையாகி விட்டது, யந்திரம் வைக்காவிட்டால் ஆலையை மூட வேண்டியதுதான்” என்கிறார்கள் முதலாளிகள். “ஆள் கிடைப்பதில்லை” என்றும் சொல்லுகிறார்கள். ஆள் ஏன் கிடைப்பதில்லை? திருமணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி, இளம் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலி’ முறையைத் தமிழ்நாடு மறந்து விடவில்லை. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தமிழ்நாட்டு ஆலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்கள் நமக்குப் போட்டியாளர்கள் அல்லர், நம் தோழர்கள். நிரந்தர வேலையும், குடும்பம் நடத்தப் போதுமான கூலியும் கொடுத்துப் பார்க்கட்டும். ஆள் கிடைக்கிறதா இல்லையா என்பது அப்போது தெரியும்.

அனுபவம் என்ன சொல்லுகிறது?

1913-ல் அமெரிக்காவில் போர்டு கம்பெனி மோட்டார் கார் பூட்டுகிற வேலையைக் கன்வேயரில் ஏற்றியது. 12½ மணி நேரம் பிடித்த வேலை, 1914-ல் 93 நிமிடத்தில் முடிந்தது. பட்டையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு ஓடினார்கள். அவர்களைப் பிடித்து வைக்க 1914 ஜனவரியில் தினம் 5 டாலர் கூலி என்றும், 8 மணி நேர வேலை என்றும் கம்பெனி அறிவிக்க நேர்ந்தது. தொழிலாளி முதுகைத் திருப்பிக்கொண்டு போனபோதுதான் முதலாளி இறங்கி வந்தான்.

நம் நாட்டில் 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ‘ரேஷனலைசேஷன்’ என்ற பெயரில் வந்த வேலைப் பளுவையும் ஆட்குறைப்பையும் எதிர்த்து 80 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்து 1957-ல் டில்லியில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்டது என்ன? புதிய யந்திரத்தால் இருக்கிற தொழிலாளிக்கு ஆட்குறைப்போ வருமான நஷ்டமோ வரக்கூடாது. கிடைக்கிற பலனைச் சமுதாயமும், முதலாளியும், தொழிலாளியும் நியாயமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வேலைப் பளுவை நிபுணர்கள் முறையாக மதிப்பிட வேண்டும். இந்த மூன்றும் முதலாளிகளின் பிரதிநிதிகளும் இருந்த சபையில் ஏற்ற வாக்குகள். இன்று அவற்றை நினைவூட்டினால் முகம் சுளிப்பானேன்?

கடல் கடந்த இன்னொரு அனுபவமும் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் யந்திரமும் கண்டெய்னரும் வந்தபோது, ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலிருந்த துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960-ல் ஓர் ஒப்பந்தம் செய்தது. யந்திரத்தைத் தடுக்க மாட்டோம் என்றது சங்கம். பதிவு பெற்ற தொழிலாளிகளை வேலையிலிருந்து நீக்க மாட்டோம் என்றும், அவர்களுக்காக ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் நிதி தருவோம் என்றும் முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். யந்திரத்தின் லாபத்தில் பங்கு வாங்க முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் வேலைகள் சுருங்கிக்கொண்டே போனதைக் கண்டு கொதித்த அதே தொழிலாளர்கள் 1971-72-ல் 134 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டி வந்தது. ஒரு தடவை பணம் வாங்கினால் போதாது. வருகிற தலைமுறைக்கும் வேலை இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம்.

மிச்சமான நேரம் யாருக்குச் சொந்தம்?

யந்திரம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று பெருமை பேசுகிறார்கள். அப்படியானால் வேலை நேரம் குறைய வேண்டும் அல்லவா? நடந்தது என்ன? 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்தன. மே முதல் தேதியன்று அது வாபஸ் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டு நிறைந்த நாள் அது. யந்திரத்தின் வேகம் கூடக்கூடத் தொழிலாளியின் நாளும் நீள வேண்டும் என்று கேட்பது எந்த ஊர்க் கணக்கு?

சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, 300 பேருக்குக் குறைவாக உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்குச் சர்க்காரின் முன் அனுமதி வேண்டியதில்லை. முன்பு இந்த எல்லை 100 பேராக இருந்தது. ஆள் வேண்டாத யந்திரம் நுழைய நுழைய ஆலையில் தலை எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறையக் குறையச் சட்டப் பாதுகாப்பும் நழுவும். இந்தச் சங்கிலியைத் தொழிலாளி புரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் ஓர் ஆயுதம் கையில் இருக்கிறது. ஆட்குறைப்புக்கு இடம் தரும் யந்திர மாற்றம் செய்யுமுன் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற விதி இப்போதும் உண்டு. அந்த 21 நாளைத் தூங்கிக் கழித்தால் குற்றம் நம்முடையது.

வயலில் நிற்பவருக்கு இதில் என்ன?

“ஆலை விஷயம் எங்களுக்கு எதற்கு?” என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள் நினைக்கக் கூடாது. ராஜபாளையத்து ஆலை வாசலில் ஷிப்டு மாறும்போது வந்து நிற்கும் பஸ்களிலிருந்து இறங்குகிறவர்கள் யார்? சுற்று வட்டாரத்துக் கிராமங்களின் பிள்ளைகள்தான். கண்மாய் வற்றிய வருஷத்தில் வீட்டில் உலை கொதிப்பது அந்தக் கூலியால்தான். அறுவடை யந்திரம் வந்து களத்து நெல்லும் அறுப்புக் கூலியும் கை நழுவியபோது, அந்த வயிற்றுக்கு ஆலைதான் வழி காட்டியது. ஆலையும் கதவைச் சாத்தினால் அத்தனை கைகளும் திரும்பவும் வயலுக்கே வரும். ஒரு நடவுக்கு நாலு பேர் காத்து நின்றால் கூலி ஏறுமா, இறங்குமா? ஆகவே ஆலையில் ஆட்குறைப்பு என்றால் அது வயலில் கூலிக்குறைப்பு. இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

நமது கோரிக்கைகள்

1. பேக்கிங்கிலோ டாபிங்கிலோ புதிய கன்வேயர் வைக்குமுன் சங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் பேச வேண்டும்.

2. பதிலி, ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் உட்பட ஒருவரையும் நீக்கக் கூடாது.

3. யந்திரத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் இருக்கிற தொழிலாளர்களுக்கே, முக்கியமாகப் பெண்களுக்கு, சம்பளத்தோடு பயிற்சி தர வேண்டும்.

4. பட்டையின் வேகத்தை மேஸ்திரியின் விருப்பத்துக்கு விடக்கூடாது. சங்கத்தோடு பேசி நிர்ணயிக்க வேண்டும்.

5. கோணிய மூட்டையும் நசுங்கிய பெட்டியும் பட்டையில் சிக்கும். சிக்கியதை எடுக்கத்தான் கை உள்ளே போகிறது. தலைமுடியும் முந்தானையும் உருளையில் மாட்டாதபடி தடுப்பு வேண்டும். எந்த இடத்திலிருந்தும் இழுத்து நிறுத்தும் கயிறு வேண்டும். நிறுத்தியதற்காக யார் மீதும் நடவடிக்கை கூடாது.

6. மிச்சமான உழைப்பில் ஒரு பங்கு கூலி உயர்வாகவும், ஒரு பங்கு வேலை நேரக் குறைப்பாகவும் தொழிலாளிக்கு வர வேண்டும்.

இவற்றில் எது அநியாயம்? எது முடியாதது? 1957-ல் ஒப்புக்கொண்டதைத்தான் இன்றைய யந்திரத்துக்குப் பொருத்திக் கேட்கிறோம்.

தோழர்களே! தேர் தானாகத் திரும்புவதில்லை. கட்டை போடுகிறவன் திருப்புகிறான். யந்திரமும் அப்படித்தான். அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை இரும்பு தீர்மானிப்பதில்லை. முதலாளி மட்டும் கட்டை போட்டால் அது லாபத்தின் பக்கம் திரும்பும். ஆலை வாசலும் வயல் வரப்பும் ஒன்றாக நின்று கட்டை போட்டால் உழைப்பவன் பக்கம் திரும்பும். கன்வேயர் வந்து இறங்கிய பிறகு கூடிப் பேசிப் பயனில்லை. இந்த வாரமே ஒவ்வொரு ஷிப்டிலும் பேசுங்கள், ஒவ்வொரு தெருவிலும் பேசுங்கள், சங்கத்தில் சேருங்கள்!