தார் ரோடு வேணாம் சாமி!

முதல்ல ஒரு கேள்வி. 'எங்க ஊருக்கு ரோடு போட்டுக் குடுங்க'ன்னு கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துப் பார்த்திருப்பீங்க. பஸ் மறியல் பண்ணிப் பார்த்திருப்பீங்க. ஆனா, 'தயவுசெஞ்சு எங்க ரோட்டுக்குத் தார் போட்டுடாதீங்க'ன்னு யாராச்சும் கிளம்பிப் பார்த்திருக்கீங்களா? இத்தாலியில ஒருத்தர் கிளம்பினார். அதுவும் சைக்கிள்ல! இந்த வாரம் நாம சுத்தப்போறது அவரோட ஊரைத்தான்.

டஸ்கனி மாநிலத்துல ஃப்ளாரன்ஸ், சியன்னா-ன்னு ரெண்டு பழைய நகரங்கள். ரெண்டுக்கும் நடுவுல மேடும் பள்ளமுமா அலை அலையாக் கிடக்குற மலைப்பகுதிக்குப் பேர் கியாந்தி. எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை பிடிச்ச மாதிரி திராட்சைக் கொடி, ஆலிவ் மரம், உச்சியில ஒரு கோட்டை. உலகப் புகழ்பெற்ற கியாந்தி ஒயின் இங்க இருந்துதான் போகுது. 'இந்த எல்லைக்குள்ள விளைஞ்சாத்தான் கியாந்தி'ன்னு 1716-லயே மூன்றாம் கோசிமோ-ங்கிற டஸ்கனி அரசர் கோடு கிழிச்சிட்டார். இன்னிக்கு 'கியாந்தி கிளாஸிகோ'ன்னு லேபிள் ஒட்டணும்னா, குறைஞ்சது 80 சதவிகிதம் சான்ஜொவேசே-ங்கிற கறுப்புத் திராட்சை இருந்தாகணும்.

உடனே, 'மச்சி, டூர் எப்போ?'ன்னு கண்ணடிக்காதீங்க பாஸ். நம்ம மேட்டர் பாட்டில் இல்ல. அந்தத் தோட்டங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓடுற வெள்ளை ரோடு!

வெள்ளை ரோடு எப்படி வந்துச்சு?

இத்தாலிய மொழியில 'ஸ்த்ராதே பியாங்கே'. அப்படியே வெள்ளைச் சாலைகள்தான். சுண்ணாம்புக் கல்லும் மண்ணும் கலந்த கப்பி ரோடு. வெயில்ல பால் மாதிரி வெளுத்துக் கிடக்கும். மழை பெஞ்சா களிம்பு மாதிரி டயர்ல அப்பிக்கும்.

அந்தக் காலத்துல இங்க வாரச் சாகுபடி. நிலம் பண்ணையாருக்கு, உழைப்பு குடியானவனுக்கு, விளைச்சல்ல ஆளுக்குப் பாதி. அதனால குடியானவங்க ஊருக்குள்ள கூட்டமா இல்லாம, அவங்கவங்க வயலை ஒட்டி மலைக்கு ஒரு வீடா வாழ்ந்தாங்க. வீட்டுக்கு வீடு மாட்டு வண்டிப் பாதை. இப்படித்தான் மலை முழுக்க நரம்பு மாதிரி ரோடுகள் பரவுச்சு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம், ஃபேக்டரி வேலைக்குன்னு குடும்பம் குடும்பமா டவுனுக்குக் கிளம்பிட்டாங்க. 1964-ல புதுசா வார ஒப்பந்தமே போடக்கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு. வீடுகள் காலியாச்சு. ரோடுகள் மட்டும் மிச்சம். கார் பெருகப் பெருக, அந்த ரோடுகள் மேலயும் ஒவ்வொண்ணா தார் ஏற ஆரம்பிச்சது.

92 பேர்... ஒரு ரவுண்டு!

இங்கதான் நம்ம ஹீரோ என்ட்ரி. பேர் ஜான்கார்லோ ப்ரோச்சி. கியாந்தியில இருக்கற கயோலே-ங்கிற சின்ன ஊர்க்காரர். பர்த்தாலி, கோப்பி மாதிரியான பழைய சைக்கிள் ரேஸ் வீரர்கள்னா அவருக்கு உசுரு. அந்த ஜாம்பவான்கள் எல்லாம் புழுதியில ஓட்டின தலைமுறை. ரோடே இல்லாமப் போயிட்டா, அந்த வீரக் கதையை எங்கன்னு போய்த் தேடுறது?

1997-ல 'லெரோய்க்கா'ன்னு ஒரு சைக்கிள் பயணம் ஆரம்பிச்சார். அர்த்தம்: வீரதீரமானது. வந்தது வெறும் 92 பேர். இன்னிக்கு உலகம் முழுக்க இருந்து ஆயிரக்கணக்குல வர்றாங்க.

இதுல கண்டிஷன்ஸ் செம காமெடி. 1987-க்கு முன்னாடி செஞ்ச ரேஸ் சைக்கிள்தான் வேணும் (அதே பழைய ஸ்டைல்ல புதுசா செஞ்ச சைக்கிளுக்கும் கொஞ்சம் இடம் உண்டு). இரும்பு ஃப்ரேம், கியர் லிவர் ஃப்ரேம் மேல, பிரேக் ஒயர் ஹேண்டில்பாருக்கு வெளியில தொங்கணும், பெடல்ல கால் வைக்க பெல்ட் வெச்ச கூண்டு. மேல கம்பளி ஜெர்ஸி! பெரிய ரூட் 200 கிலோமீட்டரைத் தாண்டும். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறுற பாதை நெடுக ராத்திரியில விளக்கு ஏத்தி வெச்சிருப்பாங்க. அந்தக் கோட்டைக்காரர் பெத்தினோ ரிக்காசோலிதான் 1861-ல இத்தாலியோட ரெண்டாவது பிரதமர். கியாந்தி ஒயினுக்கு ஃபார்முலா எழுதினவரும் அவரே! நடுவுல சாப்பிட எனர்ஜி ஜெல் எல்லாம் தேடாதீங்க. காய்ஞ்ச ரொட்டி, பீன்ஸ், கீரை போட்டுக் கொதிக்க வெச்ச 'ரிபொல்லித்தா' சூப்தான்.

இந்தக் கூத்தைப் பார்த்துட்டு, 2007-ல தொழில்முறை வீரர்களுக்கும் இதே ரோட்டுல ஒரு ரேஸ் ஆரம்பிச்சாங்க. அதுதான் இன்னிக்கு 'ஸ்த்ராதே பியாங்கே' ரேஸ். முதல் வருஷம் ஜெயிச்சவர் ரஷ்யாவோட கொலப்னெவ். 2015-ல இருந்து பெண்களுக்கும் தனி ரேஸ் உண்டு. முடியற இடம் சியன்னாவோட பெரிய சதுக்கம். அதுக்கு முன்னாடி வர்ற சாந்தா கத்தரீனா தெருவுல ஏத்தம் 16 சதவிகிதம். அதாவது 100 மீட்டர் போனா 16 மீட்டர் மேல! 2025-ல ஸ்லோவேனியாவின் போகச்சார் வழியில விழுந்து, முழங்கையெல்லாம் சிராய்ச்சு, எழுந்து ஓட்டி ஜெயிச்சார். 2022, 2024-லயும் அவர்தான். மூணு தடவை (2008, 2012, 2016) ஜெயிச்ச ஸ்விட்சர்லாந்தின் கேன்செலராவுக்குப் பெரிய மரியாதை. மோந்தே சாந்தே மரியே-ங்கிற 11.5 கிலோமீட்டர் கப்பி ரோட்டையே அவர் பேருக்கு எழுதி வெச்சுட்டாங்க.

கப்பி ரோட்டுக்குக் காலேஜ்!

பழைய சைக்கிள் இல்லாதவங்க என்ன பண்றது? அதுக்குத்தான் 'கிராவல் பைக்'. (பைக்னதும் பல்சரை நினைக்காதீங்க. இது சைக்கிள்!) ரேஸ் சைக்கிள் மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா 40 மில்லிமீட்டர் அகலம் வரைக்கும், அதுக்கு மேலயும் டயர் போடலாம். டிஸ்க் பிரேக், மேடேற லேசான கியர். ஓட்டுறதுக்கு நாலே நாலு பாடம்:

காத்தைக் குறைங்க. கல்லு மாதிரி ஊதின டயர், ஒவ்வொரு ஜல்லிக்கும் பந்து மாதிரி துள்ளும். காத்து குறைஞ்சா டயர் கல்லை அணைச்சுக்கிட்டுப் போகும்.

மேட்டுல எழுந்து மிதிக்காதீங்க. பின்சக்கரத்துல பாரம் குறைஞ்சு, வீல் சும்மா சுத்தும். சீட்லயே உட்கார்ந்து மெதுவா மிதிங்க.

பிரேக் வளைவுக்கு முன்னாடியே. வளைவுக்குள்ள போய்ப் பிடிச்சா, கப்பி உங்களைக் கீழ உட்கார வெச்சிடும்.

ஹேண்டில்பாரைக் கெட்டியாப் பிடிக்காதீங்க. கை லூஸா இருக்கட்டும், கண்ணு பத்து மீட்டர் தள்ளிப் பார்க்கட்டும். சைக்கிள் தன் வழியைத் தானே கண்டுபிடிச்சுக்கும்.

லெரோய்க்கா நடக்கறது அக்டோபர்ல. ஆனா ரூட்டுக்கு நிரந்தரமா போர்டு நட்டு வெச்சிருக்காங்க. வருஷம் பூரா யார் வேணா ஓட்டலாம்.

சேவல் சொன்ன எல்லை

கியாந்தி கிளாஸிகோ பாட்டில் கழுத்துல ஒரு கறுப்புச் சேவல் படம் இருக்கும். அதுக்கு ஊர்ல ஒரு கதை சொல்றாங்க. ஃப்ளாரன்ஸுக்கும் சியன்னாவுக்கும் எல்லைத் தகராறு. 'ரெண்டு பக்கமும் சேவல் கூவினதும் ஒரு குதிரை வீரன் கிளம்பட்டும், சந்திக்கிற இடமே எல்லை'ன்னு ஒப்பந்தம். சியன்னா தன் வெள்ளைச் சேவலுக்கு வயிறு முட்டத் தீனி போட்டுச்சு. ஃப்ளாரன்ஸ் தன் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டுச்சு. பசியில அது விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கூவிடுச்சு! விளைவு? சியன்னா வாசல் கிட்டவே எல்லை. முக்கால்வாசி கியாந்தி ஃப்ளாரன்ஸுக்கு. பசிச்ச சேவல்தான் சீக்கிரம் கூவும்... அரியர் வெச்சிருக்கற நண்பர்கள் நோட் பண்ணிக்கங்க!

ஆனா ஒரு விஷயம்...

வாரக் கடைசியில சைக்கிள் ஓட்ட வர்றவனுக்குப் புழுதி அழகு. அந்த ரோட்டோரமே குடியிருக்கறவங்களுக்கு? காயப்போட்ட துணியில புழுதி, மழைக்கு வழுக்கல், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வரணும். 'தார் போடு'ன்னு அவங்க கேட்டா அதுவும் நியாயம்தானே? 'பழசு அழகா இருக்கு, அப்படியே இரு'ன்னு அடுத்தவங்க கஷ்டத்தை ரசிக்கிறது ஈஸி.

ப்ரோச்சி செஞ்சதோட புத்திசாலித்தனம் இங்கதான் இருக்கு. ரோட்டைக் காப்பாத்துங்கன்னு சொல்றதோட நிறுத்திக்காம, அந்த ரோட்டுக்கு ஒரு வேலை வாங்கிக் குடுத்தார். மாட்டு வண்டி போனப்புறம் வேலையில்லாமக் கிடந்த ரோடு, இப்போ சைக்கிள் ரிப்பேர் கடைக்கும், ரூம் வாடகைக்கு விடுறவங்களுக்கும், சூப் விக்கிற அம்மாவுக்கும் சோறு போடுது. உபயோகம் இருக்கற வரைக்கும் ஒரு பழைய விஷயத்தை யாரும் அவ்வளவு சுலபமா மூடிட மாட்டாங்க.

உங்க ஊர்லயும் தார் பார்க்காத ரோடு ஒண்ணு இருக்கும். கண்மாய்க் கரையோ, தோட்டத்து வழியோ. இந்த ஞாயித்துக்கிழமை சைக்கிளை எடுத்து, காத்தைக் கொஞ்சம் குறைச்சு, ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. அந்த ரோட்டுக்குத் தார் வேணுமா, வேணாமா? அங்க குடியிருக்கறவங்க கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க!